பின்சீட்டில் உட்கார்ந்து போய்ப் பாடிய பாட்டு

ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாதம் பிறக்கும்போதே மகளிர் மன்றத்திலிருந்து எனக்குப் போன் வந்துவிடும். "இந்த வருஷமும் நீங்கதான் பாடணும்" என்பார் செயலாளர். எந்தப் பாட்டு என்று அவர் சொல்வதுமில்லை, நான் கேட்பதுமில்லை. செயலாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கணவருக்குப் பதவி உயர்ந்தால் மனைவிக்கு மன்றத்தில் நாற்காலி உயரும், அவர் ரிட்டையர் ஆனால் இவரும் ரிட்டையர். பாட்டு மட்டும் மாறாது. நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய எங்கள் நகரியத்தில் மகளிர் தினம் என்றால் கோலப் போட்டி, மியூசிக்கல் சேர், யாராவது ஒரு ஆண் அதிகாரி மேடையேறிப் பெண்களைப் போற்றிப் பேசுவது, அப்புறம் நான் பாடுவது, அப்புறம் சாப்பாடு.

அந்த விழாவுக்கு கடந்த வருஷம்வரை என் வீட்டுக்காரரின் வண்டியில், பின்சீட்டில் உட்கார்ந்துதான் போயிருக்கிறேன். வாசலில் இறக்கிவிட்டு "நல்லா பாடு" என்பார். நான் மேடையேறி, "கேரியர்ல ஏற மாட்டேன் போ, ஹேண்டில்பார கையில தா" என்று பாடுவேன். கூட்டத்தில் இருக்கிற பெண்கள் எல்லாரும் கைதட்டிக்கொண்டே கூடப் பாடுவார்கள். முடிந்ததும் வாசலுக்கு வந்து, அவர் வரும்வரை வேப்பமரத்தடியில் நின்று, மறுபடியும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து வீட்டுக்கு வருவேன். இதில் சிரிக்க ஏதாவது இருக்கிறது என்று வெகுகாலம் எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பாட்டு நான் பாலிடெக்னிக்கில் படித்தபோது வந்தது. எந்தச் சினிமாவிலும் வராத பாட்டு. தமிழில் பாப் பாட்டு என்று ஒன்று இருக்கலாம் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். டிவியில் ஒரு பெண் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, முடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டு, ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளைக் கடற்கரை ரோட்டில் மிதித்துக்கொண்டே பாடுவாள். ஒருத்தன் பின்னாலேயே ஓடிவந்து, நான் ஓட்டுகிறேன், நீ கேரியரில் உட்கார் என்று கெஞ்சுவான். அவள் நிறுத்த மாட்டாள். அவ்வளவுதான் கதை. பெரியவர்கள் அதை விளையாட்டுப் பாட்டு என்று விட்டுவிட்டார்கள். விடாமல் என்ன செய்வது? பெண்ணுரிமை என்ற வார்த்தை அதில் ஓரிடத்திலும் கிடையாது.

எங்களுக்கு அது எங்களைப் பார்த்து எழுதிய பாட்டு. நகரியத்துப் பெண்கள் எல்லாரும் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவர்கள். ரோடு அகலம், மரம் அடர்த்தி, ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்குப் போக சைக்கிளை விட்டால் வேறு கதியில்லை. பள்ளிக்கூடம், டியூஷன், லைப்ரரி, கோவில், எல்லாம் சைக்கிள்தான். பத்துப் பெண்கள் வரிசையாக அந்தப் பாட்டைக் கத்திக்கொண்டே போனால், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆண்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். உலகமே இப்படித்தான் வழிவிடும் என்று நாங்களும் நம்பினோம்.

எல்லாருக்கும் தெரிந்தது பல்லவி. அப்புறம் முதல் சரணம் ஓரளவு தெரியும். மூன்றாவது சரணம் யாருக்கும் தெரியாது. அதில் அவள் சைக்கிளோடு கீழே விழுவாள். முழங்காலில் மண் ஒட்டியிருக்கும். ஓடிவருகிறவனைக் கையால் தடுத்துவிட்டு, "விழுந்தா நானா விழுந்துக்கிறேன், தூக்கிவிட யாரும் வர வேணாம்" என்று பாடுவாள். இசைகூட அந்த இடத்தில் அடங்கிவிடும். டிவியில் பாதி நாள் அதற்கு முன்பே விளம்பரம் போட்டு வெட்டிவிடுவார்கள். எனக்கு மூன்றாவது சரணமும் தெரியும். ஏனென்றால் என்னிடம் கேசட் இருந்தது.

கேசட்டை வாங்கிக் கொடுத்தவர்தான் இப்போது என் வீட்டுக்காரர்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வீட்டில் தறி. எனக்கு ஒரு வருஷம் சீனியர். மெக்கானிக்கல் பிரிவில் நாங்கள் நான்கே பெண்கள். லேத் மெஷின் பக்கம் போனாலே, "தாவணி மாட்டிக்கும், தள்ளி நில்லு" என்று வாத்தியாரிலிருந்து பியூன்வரை எல்லாரும் சொல்வார்கள். இவர் மட்டும் சொல்லவில்லை. ஒருநாள் கேசட்டைக் கையில் கொடுத்து, "ஒனக்காகவே பாடின மாதிரி கீதுப்பா" என்றார். அன்றைக்கே நான் விழுந்தேன், முழங்காலில் மண் ஒட்டாத குறைதான். இந்தப் பாட்டைத் தேடி கடலூர்வரை போய் வாங்குகிற ஆண், இந்தப் பாட்டை மனப்பாடமாகச் சொல்கிற ஆண், வேறு எப்படி இருக்க முடியும்? பத்தொன்பது வயதில் நான் போட்ட கணக்கு அது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா மைன்ஸில் பர்மனென்ட். நாங்கள் இருந்தது குவார்ட்டர்ஸில். ஆனால் எங்களுக்கு ஊரில் நிலமும் இருந்தது. மைன்ஸ் விரிந்தபோது அதில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். நிலம் போனால் இழப்பீட்டோடு, குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் உண்டு. யாருக்கு என்று குடும்பம்தான் பெயர் கொடுக்க வேண்டும். மகன் பெயர் கொடுக்கலாம், மகள் பெயர் கொடுக்கலாம், மருமகன் பெயரும் கொடுக்கலாம். ஆண்பிள்ளை இல்லாத வீடுகளில் எல்லாரும் மருமகன் பெயரைத்தான் கொடுத்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பெண் கேட்டு வருகிறவர்கள் "பொண்ணுக்கு இன்னா போடுவீங்க?" என்று கேட்டால், நிலம் போன வீட்டுக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "வேல போடுறோம்" என்பார்கள். செயின் போடுகிற மாதிரி, வளையல் போடுகிற மாதிரி.

எங்கள் வீட்டில் நானும் தங்கையும்தான். தங்கை அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் டிப்ளமோ முடித்தவள். அந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் படிப்பு. அப்பா என் பெயரைத்தான் கொடுப்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

என் விருப்பத்தை வீட்டில் சொன்னபோது அப்பா கோபப்படவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். "பையன் இன்னா படிச்சிகிறான்?" என்று கேட்டார். சொன்னேன். முகம் தெளிந்துவிட்டது. மறுநாளே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தார். வேலை போடுவதாகப் பேச்சு.

"அப்போ எனக்கு?" என்று கேட்டேன்.

"ஒனக்குத்தாம்மா போடுறன். பொட்டப்புள்ள மைன்ஸ்ல போயி இன்னா பண்ணுவ? இன்னொரு வூட்டுக்குப் போற புள்ள நீ. வேல அவுரு பேருல இருந்தாத்தான் அந்த வூட்டுல ஒனக்கு மரியாத" என்றார் அப்பா. என் மேல் உயிரையே வைத்திருந்தவர் அவர். அதனால்தான் இன்றுவரை அவரை வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காத்திருந்தேன். இவர் குறிஞ்சிப்பாடி பஸ்ஸிலிருந்து இறங்கினார். விஷயத்தைச் சொல்லி, நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வேலையை அவள் பெயருக்கே கொடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் கேட்பார் என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கேசட் கொடுத்த கை அல்லவா.

அவர் என் சைக்கிள் பெல்லை இரண்டு தடவை அடித்துப் பார்த்தார். "வேல யாரு பேருல இருந்தா இன்னா? நம்ம ரெண்டு பேருக்குந்தான?" என்றார்.

நியாயமான பேச்சு மாதிரித்தான் இருந்தது. நம்ம ரெண்டு பேருக்கும் என்றதில் உருகியும் போனேன். இதை இப்போது எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கல்யாணத்தில் நகை கேட்கவில்லை, ரொக்கம் கேட்கவில்லை, ஸ்கூட்டர்கூடக் கேட்கவில்லை. வாழ்த்திப் பேச வந்த ஒரு பெரிய மனிதர், வரதட்சணை வாங்காமல் பெண் எடுத்த இந்த மாப்பிள்ளையை இளைஞர்கள் எல்லாரும் பின்பற்ற வேண்டும் என்று மைக்கில் முழங்கினார். மண்டபமே கைதட்டியது. மைக் செட்காரனிடம் இவர் கேசட்டைக் கொடுத்துவைத்திருந்தார். பந்தி நடக்கும்போது அந்தப் பாட்டு ஓடியது. சாம்பார் வாளியோடு போன பையன் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே ஊற்றினான். தையில் கல்யாணம், வெயில் ஏறுவதற்குள் இவர் வேலையில் சேர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. இவர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். சம்பளத்தைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். அதிலிருந்து எனக்கு வேண்டியதை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். மூன்று ஷிஃப்ட்டுக்கும் சாப்பாடு கட்டினேன். காக்கி பேன்ட்டில் ஒட்டிய செம்மண்ணையும் நிலக்கரித் தூசியையும் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கும்போதெல்லாம், இது என் பேன்ட் என்று நினைத்துக்கொள்வேன். மைன்ஸில் என் கால் போயிருக்க வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டு வந்த பேன்ட். ஒருதடவை தனியார் பள்ளியில் வேலைக்குப் போகிறேன் என்றேன். "ஷிஃப்ட்டு விட்டு வர்றவனுக்கு யாரு சோறு போடுவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். டிப்ளமோ சர்டிபிகேட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் படுத்துவிட்டது. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றேன். "நான்தான் எங்க வேணாலும் கூட்டிகினு போறனே" என்றார். கூட்டிக்கொண்டும் போனார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாட்டு மட்டும் சாகவில்லை. கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் போனுக்குள் புகுந்தது. ரீமிக்ஸ் ஆனது. சோப்பு விளம்பரத்தில் வந்தது. ஸ்கூட்டர் விற்கிற கடையில் ஆண்டு விழாவுக்குப் போட்டார்கள். நகரியத்துப் பள்ளிக்கூடங்களில் சின்னப் பெண்கள் காகிதத்தில் செய்த ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். இப்போதெல்லாம் ரிசப்ஷனில் மணப்பெண் ஆடிக்கொண்டே மேடைக்குப் போவதற்கு அதைத்தான் போடுகிறார்கள். எங்கே போகிறாள் என்று பார்த்தால் மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலிக்கு. ஒரு பாட்டு இத்தனை காலம் உயிரோடு இருந்ததற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்கிறார்கள். மூன்றாவது சரணத்தை வெட்டி எறிந்துவிட்டுத்தான் அது உயிரோடு இருக்கிறது. எங்கும் பல்லவிதான், பல்லவி முடிந்தால் மறுபடியும் பல்லவி.

எனக்கு ஒரே மகள். அவளுக்கு மூன்றாவது சரணமும் தெரியும். நான் பாடித்தான் அவளைத் தூங்க வைத்தேன். இன்ஜினியரிங்கில் எலக்ட்ரிக்கல் படித்தாள். வேலைக்கு அலைந்துகொண்டிருந்தாள். எனக்கே வண்டி ஓட்டத் தெரியாமல் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன், அதாவது நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு "பிரேக்கைப் பிடி, பிரேக்கைப் பிடி" என்று கத்தினேன், அவளாகக் கற்றுக்கொண்டாள்.

அப்பா காலமாகிச் சில வருஷம் கழித்து, ஊரில் மிச்சமிருந்த நிலத்தையும் எடுத்துக்கொள்ளப் போவதாகத் தகவல் வந்தது. தங்கை திருச்சியில் செட்டில் ஆனவள். தன் பங்குக்கு எல்லாவற்றையும் பணமாகவே வாங்கிக்கொண்டாள். என் பங்குக்கு ஒரு வேலை. இந்தத் தடவை நிலம் என் பெயரில் இருந்தது. பெயர் கொடுக்க வேண்டியது நான்.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்று வரவில்லை, பிள்ளை பிறந்தபோதுகூட வரவில்லை. மகளைக் கூப்பிட்டு, "உனக்குத்தான்டி" என்றேன். முதலில் கான்ட்ராக்ட், அப்புறம் பர்மனென்ட். அவளும் துள்ளிக் குதித்தாள். யூனிஃபார்ம் தைக்க அளவு கொடுக்கிற மாதிரி கையை விரித்துக்கொண்டு நின்று கேலி செய்தாள்.

மகளுக்குப் பிடித்த பையன் ஒருவன் அதற்கு முன்பே இருந்தான். எனக்குத்தான் தெரியாது. வேறு பிளாக். அவன் அப்பாவும் ஷிஃப்ட்காரர். படிப்பை முடித்துவிட்டு ரீல்ஸ் போட்டுக்கொண்டிருந்தான். அவன் போட்டதில் ஒன்று நகரியம் முழுக்கச் சுற்றியது. மகள் ஸ்கூட்டர் ஓட்டுகிறாள், பின்சீட்டில் அவன் கையைக் கட்டிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கிறான், அந்தப் பாட்டு ஓடுகிறது. மன்றத்துப் பெண்கள் எல்லாரும் அதை எனக்கே அனுப்பிவைத்தார்கள். "இந்தக் காலத்துப் பசங்க எவ்ளோ மாறிட்டாங்க பாருங்க!" என்று கீழே வேறு எழுதியிருந்தார்கள். நான் அதை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தேன். பையன் முகத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இவர் கேசட் கொடுத்தபோதும் முகத்தில் ஒன்றுமில்லை.

இரண்டு வீட்டிலும் சம்மதம்தான். எல்லாம் பேசியானது. கிளம்புகிற சமயத்தில் பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நகை நட்டெல்லாம் எங்களுக்கு வேணாங்க. அந்த வேலய மட்டும் தம்பி பேர்ல குடுத்துடுங்க. கல்யாணத்த ரெஜிஸ்டர் பண்ணிட்டா மருமகன்னு காட்டிடலாம். புள்ளைங்க ரெண்டும் நல்லா இருக்கும்" என்றார்கள். பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனையே பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லுடா, வேண்டாம்மா என்று சொல்லுடா என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவன் தலை நிமிரவில்லை. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன, செஞ்சிடலாம். நமக்குப் புதுசா?" என்றார்.

அவர்கள் போன பிறகு மகளிடம் சொன்னேன். அவள் அதிரவில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"அவன் கேக்கல, அவங்க அம்மாதான் கேக்கறாங்க. எனக்கு ஓகேம்மா. நான் பேங்க் எக்ஸாம் எழுதறேன். வேலை யார் பேர்ல இருந்தா என்ன? எங்க ரெண்டு பேருக்கும்தானே?"

இந்த வார்த்தையை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. அவள் அப்பாவும் சொல்லியிருக்க மாட்டார். அது எங்கிருந்துதான் முளைத்து வருகிறதோ தெரியவில்லை. குவார்ட்டர்ஸ் தண்ணீரில் இருக்கிறது போலிருக்கிறது.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். பஸ் ஸ்டாண்ட், சைக்கிள் பெல், மண்டபத்தில் தட்டிய கை, பேன்ட், பீரோ. அவள் பொறுமையாகக் கேட்டாள். நான் அழுதபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு சொன்னாள்:

"அப்பா வேற, அவன் வேறம்மா. அவன் என்னை ஓட்டச் சொல்லிட்டு பின்னாடி உக்காந்தவன். அந்தப் பாட்டு அவனுக்கு எவ்ளோ பிடிக்கும்னு உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாதா?" என்றேன். "பாட்டைப் பிடிக்கிறவனை எல்லாம் எனக்குத் தெரியும்."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ இத்தனை வருஷமா மேடையில நின்னு என்னத்தைப் பாடின? என் முடிவை நான் எடுக்கறேன். விழுந்தா நானா விழுந்துக்கிறேன். நீதானே சொல்லிக்குடுத்த?"

மூன்றாவது சரணத்தைக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். உலகத்திலேயே அதை மறக்காமல் வைத்திருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அதை எடுத்து என் வாயையே அடைத்துவிட்டாள். அவள் சொன்னது சரி. இன்றைக்கும் அது சரி என்றுதான் நினைக்கிறேன். அவள் விழுவதற்கு அவளுக்கு உரிமை இருந்தது.

ஆனாலும் மறுவாரம் பஸ் பிடித்து, நிலம் எடுக்கிற ஆபீஸுக்குப் போய், வேலைக்கு மகள் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. எனக்கு அப்பா செய்ததைத்தான் நானும் அவளுக்குச் செய்தேன். அவளைக் கேட்காமல் அவள் வாழ்க்கையை முடிவு செய்தேன். அப்பா ஒரு பக்கம் தள்ளினார், நான் மறுபக்கம் தள்ளினேன். இதற்காக நான் வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், இல்லை. மறுபடியும் அதே நிலைமை வந்தால் மறுபடியும் அதே பஸ்ஸில் ஏறுவேன்.

வீட்டுக்காரரிடம் சாயங்காலம் சொன்னேன். செகண்ட் ஷிஃப்ட் இல்லாத நாள். காபி குடித்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதே சிரிப்பு.

"ஒனக்கு இன்னும் அந்தக் கோவம் போவலயா?" என்றார்.

அந்தக் கோவம். நான் ஒருநாளும் அவரிடம் கோபம் என்று காட்டியதில்லை. சாப்பாட்டில் உப்பைக்கூட மாற்றிப் போட்டதில்லை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆண்பிள்ளை, வெள்ளந்தி என்று நானே அவருக்கு வக்கீலாக வாதாடி வாழ்ந்தவள். அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. பெல்லை இரண்டு தடவை அடித்தாரே, அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் வருஷா வருஷம் வாசலில் இறக்கிவிட்டு "நல்லா பாடு" என்றிருக்கிறார். எழுந்து உள்ளே போய்விட்டேன். அன்றிலிருந்து அவர் வண்டியில் நான் ஏறுவதில்லை. டவுன் பஸ், இல்லாவிட்டால் நடை.

பையன் வீட்டிலிருந்து ஜாதகம் சரியில்லை என்று தகவல் வந்தது. முதலிலேயே பார்த்த ஜாதகம்தான். மகள் அவனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை. அறையைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். நான் கதவுக்கு வெளியே நின்று, "பாத்தியா, அவன் வந்தானா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். எனக்கு அப்படித்தான் வாய்.

கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது. "வந்திருப்பான். எனக்கு இன்னும் நாலு நாள் குடுத்திருந்தா அவங்க அம்மாகிட்ட பேசியிருப்பான். பேசறேன்னு சொல்லியிருந்தான். நீதான் விடல" என்றாள்.

பேசியிருப்பானா, எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. இவரை அன்றைக்கு நான் இன்னொரு தடவை கேட்டிருந்தால் இவரும் அப்பாவிடம் பேசியிருப்பாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. அவளைக் கேட்க விடவில்லை.

வேலைக்கு உத்தரவு வந்தபோது அவள் சேர மாட்டாள் என்று நினைத்தேன். சேர்ந்தாள். சேர்ந்த அன்று சாமி படத்துக்கு முன்னால் நிற்கச் சொன்னேன், நிற்கவில்லை. "உன் சோத்த இனிமே சாப்பிடக் கூடாதுன்னுதான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒர்க்‌ஷாப்பில் போட்டிருக்கிறார்கள். அங்கே வேலையில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்துவிட்டாளாம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில் காக்கியும் ஷூவும் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் ஸ்கூட்டரில் கிளம்புவாள். அவள் ஷூ எந்த வாசலைத் தாண்டுகிறது, எந்தப் படியில் ஏறுகிறது என்று எனக்குப் பார்க்க ஆசை. நான் கேட் அருகில் நிற்பேன். திரும்பிப் பார்க்க மாட்டாள். கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். பேன்ட்டை அவளே துவைத்துக்கொள்கிறாள். எங்கேயாவது அந்தப் பாட்டு கேட்டால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறாள்.

அந்தப் பையனின் ரீல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மகள் ஓட்டுகிறாள், அவன் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். யாரோ தினமும் பார்த்து இதயம் போடுகிறார்கள்.

இந்த மார்ச்சிலும் போன் வந்தது. வர முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். செயலாளர் முந்திக்கொண்டு, இந்த வருஷம் பணியிலிருக்கும் பெண்களையும் யூனிஃபார்மோடு அழைத்து முன்வரிசையில் உட்கார வைக்கப் போவதாகச் சொன்னார். மகள் பெயரையும் சொல்லி, எங்கள் எல்லாருக்கும் பெருமை என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

டவுன் பஸ்ஸில் போனேன். அவள் முன்வரிசையில் இருந்தாள். அதிகாரி யாரோ கூப்பிட்டு வராமல் இருக்க முடியாமல் வந்திருப்பாள். காக்கியில் அவளைப் பார்த்தபோது, அந்த உடம்பில் நானே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. மைக்கைப் பிடித்தேன். பல்லவிக்கு எல்லாரும் கைதட்டினார்கள். அவள் மடியில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக முதல் சரணத்தோடு நிறுத்திவிடுவேன். இந்தத் தடவை நிறுத்தவில்லை. மூன்றாவதுக்குப் போனேன். தெரியாத வரிகள் என்பதால் கைதட்டல் தானாக ஓய்ந்தது. "விழுந்தா நானா விழுந்துக்கிறேன்" என்று நான் எடுத்ததும் அவள் எழுந்தாள். ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு, முன்வரிசை முழுக்க முழங்காலை ஒடுக்கி வழிவிட, நடுவழியாக நடந்து வெளியே போய்விட்டாள். வாசலில் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் மைக்கையும் மீறிக் கேட்டது.

பாடி முடித்துவிட்டு இறங்கினேன். செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, பொண்ணு பாதியில போயிடுச்சு?" என்று கேட்டார்.

"செகண்ட் ஷிஃப்ட்டுங்க, லேட்டாயிடும்" என்றேன்.

அன்றைக்கு அவளுக்கு வீக்லி ஆஃப்.